பீடித் தொழிற்சங்கத் தோழர்களுக்கு: கூலியோடு தராசையும் கேளுங்கள்

தோழர்களுக்கு வணக்கம்.

நெல்லைச் சீமையில் பீடி சுற்றும் வீட்டில் வளர்ந்தவள் நான். அம்மா மடியில் எப்போதும் சுளவுதான் இருக்கும். எனக்கு அதற்குப் பக்கத்தில் இடம். மே தினக் கூட்டங்களில் உங்கள் பேச்சைக் கேட்டிருக்கிறேன். சோசலிசம் வரும் என்பீர்கள். எந்த வழியாக வரும், முதலில் எங்கள் தெருவில் எது மாறும் என்று யாரும் சொன்னதில்லை. மறுநாள் ஆயிரம் பீடிக்கு எத்தனை ரூபாய் கூட்டுவது என்று பேசப் போய்விடுவீர்கள்.

அந்தப் பேச்சுவார்த்தையைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் பள்ளிக்கூடச் செலவு அதில்தான் நடந்தது. ஆனால் ஆயிரம் பீடிக்கென்று கடையில் எடை போட்டுக் கொடுக்கும் இலையில் ஆயிரம் தேறாது. குறைகிற இலையை அம்மா கைக்காசு போட்டு வாங்குவாள். கூட்டிக் கொடுத்த கூலி இப்படித் திரும்பக் கடைப்பக்கமே போய்விடும். தராசு யார் கையில் இருக்கிறது என்று நீங்கள் கேட்கவே இல்லை.

கேரளத்துக் கண்ணூரில் கேட்டார்கள். பீடித் தொழிலாளர் சட்டம் 1966இல் வந்தது. கேரளத்தில் அதை அமல்படுத்தப் போனபோது, விடுப்புச் சம்பளமும் மற்றதும் கொடுக்க மனமில்லாத மங்களூர் முதலாளிகள் 1968இல் கிளைகளை இழுத்து மூடினார்கள். சுமார் 12,000 பேர் தெருவுக்கு வந்தார்கள். 1969 பிப்ரவரியில் அரசுக் கடனோடு தினேஷ் பீடிக் கூட்டுறவு பிறந்தது. முதலில் உள்ளே வந்தவர்கள் சுமார் 3,000 பேர். எண்பதுகளில் 42,000 பேர் வரை இருந்தார்கள். மூடிவிட்டுப் போன முதலாளிகள் முடியாது என்ற சலுகைகளை அந்தச் சங்கம் கொடுத்தது.

அங்கே கம்யூனிஸ்ட் முதல்வர் இ.எம்.எஸ். அரசு இருந்தது, இங்கே யார் இருக்கிறார்கள் என்பீர்கள். நியாயம்தான். ஆனால் கூட்டுறவு நமக்குப் புதிதா? 1935இலேயே நெசவாளர்களுக்கு கோ-ஆப்டெக்ஸ் வந்துவிட்டது. உறுப்பினர் கையில் இருக்க வேண்டிய சங்கங்கள் அதிகாரி கைக்கும் ஆளுங்கட்சிக்காரர் கைக்கும் போனதுதான் நம் கதை.

மேலிருந்து கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்வீடன் இருக்கிறது. ருடால்ஃப் மெய்ட்னர் என்ற தொழிற்சங்கப் பொருளாதார நிபுணர் ஒரு திட்டம் போட்டார். பெரிய நிறுவனங்கள் ஆண்டு லாபத்தில் 20 சதவீதத்தைப் புதுப் பங்குகளாகத் தொழிலாளர் நிதிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். சில பத்தாண்டுகளில் கம்பெனிகள் சத்தமில்லாமல் கை மாறியிருக்கும். 1976இல் தொழிற்சங்க மாநாடு அதை ஏற்றது. 1983இல் முதலாளிகள் பல்லாயிரம் பேரை ஸ்டாக்ஹோம் தெருவில் இறக்கினார்கள். நீர்த்துப்போன ஒரு சட்டம்தான் நிறைவேறியது. அதைக் கொண்டுவந்த நிதியமைச்சரே நாடாளுமன்றத்தில் உட்கார்ந்து அந்த நிதியைத் திட்டிக் கவிதை கிறுக்கியதை ஒரு புகைப்படக்காரர் படம் பிடித்துவிட்டார்! 1991இல் வந்த வலதுசாரி அரசு நிதியைக் கலைத்தது. அதைக் காப்பாற்றத் தொழிலாளி தெருவுக்கு வரவில்லை. ஏன் வருவார்? பட்டறையில் அவருக்கு எதுவும் மாறியிருக்கவில்லையே.

கண்ணூரில் மாறியிருந்தது. ஒரே கொட்டகையில் உட்கார்ந்து சுற்றினார்கள். ஒருவர் சத்தமாகப் பத்திரிகை வாசிப்பார். அவர் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்கள். நம் பெண்கள் தனித்தனித் திண்ணையில் இருக்கிறார்கள். அவரவர் தட்டோடு தனியாகத்தான் கடைக்காரர் முன் போய் நிற்கிறார்கள். கழித்துப் போட்ட பீடிக்கு ஒருத்தி வாதாடும்போது அடுத்தவள் கூட இல்லை.

அதனால் நான் கொட்டகையிலிருந்து தொடங்குவேன். அடுப்பையும் பிள்ளையையும் விட்டு வர முடியாது என்பார்கள்; அந்தந்தத் தெருவிலேயே இருக்கட்டும், பிள்ளையைப் பார்க்க ஒருத்திக்குச் சம்பளம் கொடுப்போம். பிறகு சுற்றுகிறவர்களின் கூட்டுறவுச் சங்கமே ஒடிசாவிலிருந்து இலை வாங்கட்டும். அதன் பிறகுதான் சொந்த லேபிள். இதற்கே பத்து வருடம் ஆகலாம்.

பீடியே சாகிற தொழில் என்பதும் தெரியும். சாகட்டும், அம்மாவின் இருமலைக் கேட்டு வளர்ந்தவள் நான். முதலாளி பணத்தை வேறு தொழிலுக்கு மாற்றிக்கொள்வார். அம்மாவை யார் மாற்றுவது? பீடி விற்பனை சரிந்தபோது தினேஷ் சங்கம் குடையும் தேங்காய்ப்பாலும் துணியும் செய்யப் போனது. சங்கம் என்று ஒன்று கையில் இருந்ததால் போக முடிந்தது.

அடுத்த ஒப்பந்தத்தில் கூலியோடு இன்னொரு வரியும் எழுதி வாங்குங்கள்: இலை எடை போடும்போது சுற்றுகிறவர்களின் ஆள் ஒருவர் தராசுப் பக்கத்தில் நிற்பார். கொட்டகைக்கு எங்கள் தெருவில் மூடிக்கிடக்கும் ரைஸ்மில் ஒன்று இருக்கிறது. வாடகை விசாரித்துவிட்டேன். நீங்கள் என்றைக்கு வருகிறீர்கள்?

இப்படிக்கு,
பீடி சுற்றும் தொழிலாளியின் மகள்