வண்ண நிழலுக்கு மூன்று பல்பு

சேலம்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. ஏற்காட்டில் பனி விலகவில்லை என்கிறாய். இங்கே நாலு ரோட்டில் பகலில் நடக்க முடியவில்லை. லீவுக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்கு வண்ண நிழல் காட்டும் வழி கேட்டாயே, எழுதுகிறேன்.

சிவப்பு, பச்சை, நீலத்தில் ஒவ்வொரு அரை வாட் எல்.இ.டி. நைட் லேம்ப் வாங்கு. நீலம் பூசிய பழைய குண்டு பல்பு வேண்டாம்; அதன் இழை வெளிச்சத்தில் நீலமே குறைவு. சுவர் மஞ்சள் டிஸ்டெம்பர் என்றால் வெள்ளைச் சார்ட் ஒட்டு. அதற்கு 2 மீட்டர் எதிரே, 15 செ.மீ. இடைவெளியில் பல்புகளை வை. மூன்று ஹோல்டரையும் ஒரே கட்டையில் அடித்துவிடாதே. மூன்றும் எரியும்போது சார்ட் வெள்ளையாகத் தெரிய வேண்டும். முதலில் அப்படி வராது. தூக்கலாக இருக்கும் நிறத்தைப் பின்னால் தள்ள வேண்டும். 2.8 மீட்டருக்குத் தள்ளினால் வெளிச்சம் பாதியாகும்.

இனி ஒரு டப்பா மூடியை, 8 செ.மீ. அகலம் போதும், சார்ட்டுக்கு 50 செ.மீ. முன்னால் நூலில் தொங்கவிடு. சிவப்பு மட்டும் மறைந்த இடத்தில் பச்சையும் நீலமும் விழும், அது இளநீலம். பச்சை மறைந்த இடம் மெஜந்தா (ஊதா கலந்த இளஞ்சிவப்பு), நீலம் மறைந்த இடம் மஞ்சள். இரண்டு மறைந்தால் மிச்சமுள்ள ஒன்று, மூன்றும் மறைந்தால் கறுப்பு. ஆனால் பச்சைப் பல்பு நடுவில் இருக்க, மூன்றும் ஒரே வரிசையில் நின்றால் பச்சை வரவே வராது. நடுப் பல்பின் நிழல் எப்போதும் மற்ற இரண்டுக்கும் இடையில் சிக்கிக்கொள்ளும். பச்சையை 13 செ.மீ. உயர்த்தி முக்கோணமாக வை, ஏழும் வரும். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

பென்சில் பிடித்தால் நிழல் வெளுத்திருக்கும், ஏனென்றால் பல்பு பென்சிலைவிட அகலம். கறுப்புச் சார்ட்டில் 1.5 செ.மீ. ஓட்டை போட்டு ஒவ்வொரு பல்பின் முன்னும் நிறுத்து. வெளிச்சம் குறையும், ஓரம் கூர்மையாகும்.

எனக்கு மிகவும் பிடித்தது இரண்டே பல்பில் செய்வது: ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. சிவப்பு மறைந்த நிழலில் வெறும் வெள்ளை ஒளிதான் விழுகிறது, ஆனாலும் கண்ணுக்குப் பச்சை கலந்த நீலமாகத் தெரியும்! சுற்றிலும் சிவப்பு இருப்பதால் கண் தன் வெள்ளையை மாற்றிக்கொள்கிறது. ரம்ஃபோர்டு என்ற விஞ்ஞானி 1794-லேயே இதைக் குழாய் வழியே பார்த்துச் சோதித்தார். நீயும் உட்புறம் கறுப்பான தாளைச் சுருட்டி, நிழலின் நடுப்பகுதி மட்டும் தெரியும்படி பிடி. சுற்றியுள்ள சிவப்பு கண்ணில் படாததால் நிழல் வெள்ளையாகவே தெரியும். கண்ணை வைத்த பிறகே சிவப்பைப் போடச் சொல்; முன்பே போட்டால் கண் பழகிவிடும், சோதனை கெட்டுவிடும்.

அன்புடன்,
உன் நண்பன்