சீற் பூட்டைத் திறக்க நிற்றினோல் போதும். பூட்டிப் பிடிக்க உருக்குப் பல்லே வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மின்சாரம் கொடுத்தால் சுருங்கும் நிற்றினோல் கம்பியால் வாகன சீற்றைப் பூட்டவும் திறக்கவும் முடியுமா என்று தொழிற்பயிற்சி மாணவர்களும் கராஜ்காரர்களும் கேட்கிறார்கள். கையை இழந்தவர்களும் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களும் அதிகம் வாழும் வன்னியில் இது வீண் கேள்வி அல்ல. சீற்றுக்கு அடியில் குனிந்து லீவரை இழுக்க முடியாதவருக்கு ஒரு பொத்தான் பெரிய உதவி. ஆனால் பூட்டுவதையும் திறப்பதையும் ஒரே வேலையாக நினைத்துவிடக் கூடாது. திறப்பதைக் கம்பியிடம் விடலாம். பூட்டிப் பிடிப்பதை விடவே கூடாது.

கணக்கைப் பாருங்கள். ஐக்கிய நாடுகளின் 17ஆம் இலக்க வாகன ஒழுங்குவிதிப்படி சீற்றும் அதன் பூட்டும் புவியீர்ப்பைப் போல 20 மடங்கைத் தாங்க வேண்டும். 20 கிலோ சீற்றுக்கு அது 400 கிலோ இழுவை. 0.375 மில்லிமீற்றர் தடிப்புள்ள நிற்றினோல் கம்பி இழுப்பது 2 கிலோ மட்டுமே. பூட்டிப் பிடிக்க, காந்தப்புலத்தில் இறுகும் எண்ணெயைச் சிலர் சொல்வார்கள். மின்சாரம் இருக்கும் வரைதான் அது இறுகியிருக்கும். விபத்தில் பற்றறி வயர் அறுந்தால் சீற் அவிழ்ந்துவிடும். சூட்டில் இளகி ஆறியதும் இறுகும் பிளாஸ்ரிக்கை, மாங்குளம் சந்தியில் உச்சி வெயிலில் கதவு பூட்டி நிற்கும் வானுக்குள் யார் நம்புவார்? மின்சாரம் இல்லாத நிலையிலும் ஸ்பிரிங் தள்ளிய உருக்குப் பல், சீற் நகரும் றெயிலின் வெட்டில் இருக்க வேண்டும். கம்பியின் வேலை அந்தப் பல்லைக் கொஞ்ச நேரம் தூக்குவது மட்டுமே. ஜெனரல் மோட்டோர்ஸ் 2014 கோர்வெட் காரில் இதே வகைக் கம்பியைப் போட்டதும் டிக்கிக் காற்றுவாயைத் திறப்பதற்குத்தான், உயிரைக் காக்கும் பூட்டுக்கு அல்ல.

இனி அளவுகள். முதலில் பல்லைத் தூக்க எவ்வளவு இழுவை தேவை என்று விற்றராசைக் கொளுவிப் பாருங்கள். 1.6 கிலோவுக்கும் 3 கிலோவுக்கும் இடையில் இருந்தால், 0.375 கம்பி இரண்டு, ஒவ்வொன்றும் 200 மில்லிமீற்றர், போதும். 3 கிலோவுக்கு மேல் போனால் கம்பி திணறும். 1.6க்குக் கீழே போனால் ஆறிய கம்பியைத் திரும்ப நீட்ட ஸ்பிரிங்குக்குப் பலம் போதாது. அடுத்த தடவை பல் அரைவாசிதான் எழும்பும். கம்பி 8 வீதம் வரை சுருங்கக்கூடியதுதான். ஆனாலும் ஆயிரக்கணக்கான தடவை உழைக்க வேண்டுமானால் 3 வீதத்தோடு நிறுத்துங்கள். 200 மில்லிமீற்றரில் 3 வீதம் 6 மில்லிமீற்றர்.

இரண்டு கம்பியும் பக்கத்தில் பக்கத்தில் இழுக்கட்டும், ஆனால் மின்சாரம் ஒன்றின் வழியே போய் மற்றதன் வழியே திரும்பட்டும். அசையும் முனையில் இரண்டையும் சேர்த்து, அந்த முனையை வாகன உடலில் படாமல் காப்பிட்டால், வயர் இரண்டும் அசையாத பக்கத்திலேயே வந்துவிடும். இரண்டினதும் தடை 3.3 ஓம். அதோடு 2.7 ஓம், 25 வற் தடையொன்றைத் தொடராகப் போட்டால் 12 வோல்ற் வாகனத்தில் 2.1 முதல் 2.4 அம்பியர் வரை ஓடும். தடையில்லாமல் பற்றறியில் நேரே கொடுத்தால் கம்பியில் வெப்பம் மூன்று மடங்குக்கும் மேலாகும். அன்றைக்கே அறுந்தால் பரவாயில்லை, அறாது. சுருக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒரு நாள் பல் எழும்பாமல் நிற்கும். பியூஸ் வயரைத்தான் காக்கும், நிற்றினோலைக் காக்காது. ஆகவே பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்தினாலும் ஒரு செக்கனில் நிற்கும் ரைமர் ரிலே கட்டாயம்.

முனைகளை ஈயம் வைத்து ஒட்டாதீர்கள். ஈயம் சரியாகப் பிடிக்காது, சூடு கம்பியின் குணத்தையும் கெடுக்கும். சிறு பித்தளைக் குழாயில் நுழைத்து நசுக்குவதே வழி. கழன்று வருவதும் அநேகமாக அந்த நசுக்கிய இடத்தில்தான். புழுதி இறுகியோ சீற்றின் பாரம் அழுத்தியோ பல் சிக்கியிருக்கும்போது கம்பி சுருங்க முயன்றால் தன்னைத்தானே முறித்துக்கொள்ளும். இதற்காகக் கம்பிக்கும் பல்லுக்கும் இடையில், 4 கிலோவைத் தாண்டினால் மட்டும் நீளும்படி முன்னிறுக்கிய சிறு ஸ்பிரிங் ஒன்றைச் சேர்க்க வேண்டும். பழைய லீவரைக் கழற்ற வேண்டாம். பற்றறி இறங்கினால் அதுதான் வழி. லீவரை இழுக்கும்போது தளரும் கம்பி உடலில் படாமலிருக்க டெஃப்லோன் குழாய் போடுங்கள்.

பலர் யோசிக்காத ஆபத்து ஒன்று. மின்சாரம் நின்ற பிறகும் இந்தத் தடிப்புக் கம்பி ஆறச் சுமார் 9 செக்கன் எடுக்கும், குழாய்க்குள்ளே வெக்கையில் இன்னும் கூட. அவ்வளவு நேரமும் பல் மேலேயே நிற்கும், சீற் வழுக்கும். ஆகவே கைபிறேக் இழுத்திருந்தால் மட்டுமே பொத்தான் வேலை செய்ய வேண்டும். இரண்டு றெயிலிலும் பல் விழும்வரை எரியும் சிவப்பு விளக்கும் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் விழுந்த சீற் கையால் ஆட்டினால் இறுக்கமாகத்தான் தெரியும்.

சுருங்கும் சூட்டைப் பொறுத்து கம்பியில் 70 பாகை, 90 பாகை என இரு வகை உண்டு. இங்கத்தைய வெயிலுக்கு 90தான். முன்சீற்றுக்கு அடியில் என்ஜின் உள்ள பழைய வான்களில் அதுவும் வேண்டாம்.

கம்பி வாங்குமுன் றெயிலைப் பாருங்கள். கிரவல் வீதிப் புழுதியும் கிறீஸும் சேர்ந்து வெட்டுகளில் இறுகி, பல் பாதியில் நிற்பதுதான் "சீற் பூட்டு பிடிக்குதில்லை" என்பதற்கு வழக்கமான காரணம். பிரஷில் மண்ணெண்ணெய் தொட்டுக் கழுவி, காயவைத்து, கறுப்பு கிரபைற் தூள் போட்டால் விற்றராசிலேயே வித்தியாசம் தெரியும். அடியில் இடம் தாராளமாக இருந்தால் கதவுப் பூட்டு மோட்டாரே மலிவு. எந்த உதிரிப்பாகக் கடையிலும் கிடைக்கும், ஏறத்தாழ இரண்டு சென்ரிமீற்றர் இழுக்கும். சத்தமில்லாமலும் ஒரு விரல் இடுக்கிலும் வேலை நடக்க வேண்டிய இடத்துக்கே நிற்றினோல். அதில் ஒரு கம்பி பழுதானால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். பழையது நீண்டிருக்கும், புதியது தனியே பாரத்தைச் சுமந்து விரைவில் அறும்.

இவ்வண்ணம்,
வாகன சீற் திருத்துநர்கள்,
கிளிநொச்சி.