உள்ளூர் வரலாற்று மின்னாக்கக் கூட்டுப்பணி: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், உறுப்பு நூலகங்களின் பிரதிநிதிகளுக்கும், இப்பொதுக்குழுவுக்கு வருகை தந்திருக்கும் வாசகர்களுக்கும் வணக்கம்.

உறுப்பு நூலகங்களில் பிரிந்து கிடக்கும் உள்ளூர்ச் செய்தித்தாள்கள், பள்ளி ஆண்டு மலர்கள், சங்கங்களின் நடவடிக்கைக் குறிப்பேடுகள், துண்டறிக்கைகள், குடும்பங்கள் கொடையாக அளித்த ஒளிப்படங்கள் ஆகியவற்றை மின்னாக்கம் செய்து, எது எந்த நூலகத்தில் இருக்கிறது என்று அறியாதவரும் தேடி எடுக்கும்படி ஒரே இணையவாயிலில் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது சென்ற பொதுக்குழு நம்மிடம் ஒப்படைத்த பணி. அந்தப் பணி எதுவரை வந்திருக்கிறது, எங்கே தேங்கி நிற்கிறது என்பதை இவ்வறிக்கை உங்கள் முன் வைக்கிறது.

அச்சிட்ட நூல் ஒரு நூலகத்தில் அழிந்தால் இன்னொரு நூலகத்தில் தேடிக்கொள்ளலாம். ஒரு சங்கத்தின் கையெழுத்துக் குறிப்பேட்டுக்கு இரண்டாம் படி கிடையாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஓலைச்சுவடிகளும் கையெழுத்துப் படிகளும் சேர்ந்தே போயின. அச்சு நூல்களில் பலவற்றைப் பிற இடங்களிலிருந்து திரட்டி மீண்டும் அடுக்க வழியிருந்தது; படியெடுக்கப்படாத சுவடிகளுக்கு அந்த வழி இருக்கவில்லை. 2005இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' திட்டம் ஈழத்து ஆவணங்களைத் தொடர்ந்து மின்னாக்கி எவரும் படிக்கத் திறந்து வைத்து வருவதை நாம் முன்மாதிரியாகக் கொள்வதற்கு இதுவே காரணம். தீயும் வெள்ளமும் வராத இடங்களிலும் இழப்பு நடந்துகொண்டுதான் இருக்கிறது. மரக்கூழில் செய்த செய்தித்தாள் தன்னுள் இருக்கும் அமிலத்தாலேயே பழுத்து, மடிப்பில் விரிசல் விட்டு, தொட்டால் உதிரும் நிலைக்கு வந்துவிடுகிறது.

இவ்வாண்டின் பணிகளில் மிகுந்த நிறைவளித்தது ஒரு வார இதழின் தொகுப்பு. அதன் தொடக்க ஆண்டுகள் ஒரு நூலகத்திலும், நடுப்பகுதி இன்னொன்றிலும், இறுதி ஆண்டுகள் கொடையாக வந்த பெட்டி ஒன்றில் மூன்றாவது நூலகத்திலும் இருந்தன. மூன்று பட்டியல்களிலும் 'முழுமையற்றது' என்ற ஒரே குறிப்புத்தான். மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, ஒரு தொகுதியில் முன்பக்கம் கிழிந்திருந்த இதழ் மற்றொன்றில் முழுதாக இருந்தது. ஒன்றில் கட்டுநர் வெட்டிவிட்ட ஓர வரிகள் இன்னொன்றில் தப்பியிருந்தன. பக்கம் பக்கமாக நல்ல படியைத் தேர்ந்து, அது எந்த நூலகத்தின் படி என்பதை ஒவ்வொரு பக்கத்தின் விவரத்திலும் பதிந்திருக்கிறோம். மூல இதழ்கள் அவரவர் அலமாரியிலேயே இருக்கின்றன. ட்ரிபிள் ஐ எஃப் எனப்படும் பொதுப் படிம நெறிமுறையின்படி, வெவ்வேறு நூலகங்களின் வழங்கிகளில் உள்ள பக்கங்கள் வாசகரின் திரையில் ஒரே தொடராகத் திறக்கின்றன. எந்த நூலகத்திடமும் தனியே முழுமையாக இல்லாத ஓர் இதழ் இன்று வாசகருக்குத் தொடர்ச்சியாகக் கிடைக்கிறது என்பதை மகிழ்ச்சியுடன் பதிவு செய்கிறேன்.

இந்த ஏற்பாடு நாம் புதிதாகக் கண்டுபிடித்ததன்று. ஐரோப்பிய நூலகங்கள், காப்பகங்களின் பொது இணையவாயிலாக 2008இல் தொடங்கிய யூரோப்பியானாவும், 2013இல் தொடங்கிய அமெரிக்க டிஜிட்டல் பொது நூலகமும் பொருள்களைத் தங்களிடம் குவித்துக்கொள்வதில்லை. உறுப்பு நிறுவனங்களின் மீதரவை, அதாவது ஒவ்வொரு பொருளையும் பற்றிய விவரக் குறிப்புகளை, மட்டும் அறுவடை செய்து, தேடும் வாசகரை மூலப் படிமம் இருக்கும் நிறுவனத்திடமே கொண்டு சேர்க்கின்றன. தன் சேகரம் பெரிய நிறுவனம் ஒன்றின் பெயரில் கரைந்துவிடுமோ என்று தயங்கிய சிறு நூலகங்கள் சிலவற்றை இணங்கச் செய்தது இந்த முறைதான். அவர்களுடைய தயக்கம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன். பத்திரமாக வைத்திருந்தவர் பெயர் பக்கந்தோறும் தெரியவேண்டும்.

அடுத்து, செயற்குழுவில் மிக நீண்ட நேரம் பேசப்பட்ட பொருளுக்கு வருகிறேன். ஸ்கேனர் ஒரு பக்கத்தைப் படமெடுக்கும் நேரம் மிகக் குறைவு. அந்தப் பக்கம் என்ன, யாருடையது, எப்போதையது என்று எழுதும் நேரம் அதைப்போலப் பல மடங்கு. விவரம் எழுதப்படாத படிமம் இணையத்தில் இருந்தும் இல்லாததற்குச் சமம், ஏனெனில் அதை யாரும் தேடிக் கண்டடைய முடியாது. குடும்பக் கொடையாக வந்த ஒரு குழு ஒளிப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முன்புறத்தில் மூன்று வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள், அமர்ந்திருக்கிறார்கள். அதற்குமேல் அது நமக்கு எதுவும் சொல்வதில்லை. பின்புறத்தைத் திருப்பினால், பென்சிலால், இடமிருந்து வலமாகப் பெயர்கள். ஓரத்தில் ஒளிப்பட நிலையத்தின் மங்கிய முத்திரை. வேறொரு கையெழுத்தில், பின்னாளில் யாரோ சேர்த்த ஓர் ஆண்டும் அதையடுத்து ஒரு கேள்விக்குறியும். இந்தப் பின்புறம் இல்லையென்றால் அந்தப் படம் பெயரற்ற மனிதர்களின் படம். ஆகவே ஒளிப்படங்களின் இரு புறங்களையும் படமெடுப்பது இனி எல்லா உறுப்பு நூலகங்களுக்கும் கட்டாயம் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. அந்தக் கேள்விக்குறியையும் விடாமல் பதிய வேண்டும். ஐயத்துக்குரிய ஆண்டை உறுதியான ஆண்டாக எழுதிவிட்டால் பின்னால் வரும் ஆய்வாளர் அதை நம்பிவிடுவார்.

விவரங்களுக்கு டப்ளின் கோர் எனப்படும் பொது விவரணை அமைப்பின் 15 கூறுகளை அடிப்படையாகக் கொண்டிருக்கிறோம். தலைப்பு, ஆக்கியோர், நாள், இடம், உரிமை என்ற அளவில் அது எளிதாகத் தோன்றினாலும், ஒரே ஊரின் பெயரை ஒரு நூலகம் பழைய வழக்கின்படியும் மற்றொன்று இன்றைய எழுத்துக்கூட்டலிலும் எழுதியிருந்தால் தேடல் பாதியைத்தான் காட்டும். அதனால் இடப்பெயர்களுக்குப் பொதுவான பட்டியல் ஒன்றைத் தயாரித்து, மாற்றுப் பெயர்கள் அனைத்தையும் அதில் இணைத்திருக்கிறோம். ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட பழைய பட்டியல்களை மாற்றும் பணியும் இதனோடு சேர்ந்து நடந்தது. மாற்றி மென்பொருள் ஓடி முடித்த பிறகும் ஒவ்வொரு பதிவையும் ஒருவர் கண்ணால் சரிபார்க்க வேண்டியிருந்தது.

படமெடுப்பில் பின்பற்றும் தரங்களில் மாற்றமில்லை. செய்தித்தாளும் கையெழுத்தும் அங்குலத்துக்கு 400 புள்ளி, முழு வண்ணம், சுருக்கப்படாத டிஃப் கோப்பு. ஏ4 அளவுப் பக்கம் ஒன்றுக்கு இது சுமார் 46 மெகாபைட் ஆகும். புள்ளி அடர்த்தியை இரட்டித்தால் கோப்பின் அளவு நான்கு மடங்காகும் என்பதால், எல்லாவற்றையும் 800இல் எடுக்கலாமே என்ற யோசனையை ஏற்கவில்லை. வாசகர் பார்வைக்குச் சிறிய ஜேபெக் படிகள் தனியே உருவாக்கப்படுகின்றன. இறுக்கமாகக் கட்டப்பட்ட தொகுதிகளைத் தட்டை ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தக் கூடாது. தாங்கியில் சாய்த்து வைத்து மேலிருந்து கேமராவால் எடுக்க வேண்டும்.

படிமத்தில் உள்ள எழுத்துகளைத் தேடக்கூடிய உரையாக மாற்றும் எழுத்துணரி மென்பொருள் அண்மைக்கால அச்சில் நல்ல பலன் தருகிறது. 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முற்பட்ட அச்சில், பழைய வடிவ 'ணை', 'லை', 'றா' போன்றவை வரும்போதும், தேய்ந்த ஈய எழுத்துகள் வரும்போதும் பிழைகள் மலிகின்றன. ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் டிரோவ் தளத்தில் பழைய செய்தித்தாள்களின் வரிகளை வாசகர்களே திருத்தித் தருவதைப் போல, நம் வாயிலிலும் படிமத்தை அருகில் வைத்து வரியைத் திருத்தும் வசதி செய்யப்பட்டிருக்கிறது. ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர்களும் ஆசிரியர்களும் இதில் காட்டிவரும் பொறுமைக்கு இக்கூட்டமைப்பு என்றும் கடன்பட்டிருக்கிறது.

உரிமை குறித்துச் சில சொற்கள். பதிப்புரிமைக் காலம் இந்தியாவில் பொதுவாக ஆசிரியர் மறைந்த பின் 60 ஆண்டுகள், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 70 ஆண்டுகள். உள்ளூர் மலர்களிலும் துண்டறிக்கைகளிலும் பெரும்பாலும் ஆசிரியர் பெயரே இருப்பதில்லை. யூரோப்பியானாவும் அமெரிக்க டிஜிட்டல் பொது நூலகமும் முன்னின்று உருவாக்கிய 12 பொது உரிமைக் குறிப்புகளிலிருந்து பொருத்தமான ஒன்றை ஒவ்வொரு பொருளுக்கும் இணைக்கிறோம். உரிமையாளர் தெரியாதபோது 'தெரியவில்லை' என்றே குறிக்கிறோம். நூலகத்திடம் காகிதம் இருப்பதால் மட்டும் வெளியிடும் உரிமை வந்துவிடாது. அதோடு, வாழ்ந்துகொண்டிருப்பவர்களின் மதிப்பெண், நோய், வழக்கு பற்றிய குறிப்புகள் உள்ள பதிவேடுகளைப் படமெடுத்துப் பாதுகாப்போம், இணையத்தில் வைக்கமாட்டோம். குடும்பத்தினர் நீக்கக் கேட்டால் முதலில் பார்வையிலிருந்து எடுத்துவிட்டு, அதன் பிறகே விசாரிக்க வேண்டும் என்பதும் விதியாக்கப்பட்டிருக்கிறது. சில உறுப்பினர்களுக்கு இது மிகையான எச்சரிக்கையாகத் தோன்றியது. நம்பிக் கொடுத்தவர்களின் நம்பிக்கை போனால் அடுத்த பெட்டி நம்மிடம் வராது என்பதே என் பதில்.

கோப்புகளின் பாதுகாப்புக்கு மூன்று படிகள், இருவகைச் சேமிப்பகம், ஒரு படி வேறோர் ஊரில் என்ற வழக்கமான முறையைப் பின்பற்றுகிறோம். ஒவ்வொரு கோப்புக்கும், அது சிதைந்தால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண் கணக்கிட்டு, குறித்த இடைவெளியில் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, அதன் இணையச் சேவைகள் பல மாதக்கணக்கில் முடங்கின. அந்நூலகம் 2004 முதல் நடத்திவரும், அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டத்தில், மூலங்கள் பிறந்த நாட்டை விட்டு அகலுவதில்லை. மின்படிகளும் அங்குள்ள நிறுவனங்களிடம் வைக்கப்படுகின்றன. எவ்வளவு பெரிய நிறுவனமானாலும் ஒரே இடத்தை நம்பியிருக்கலாகாது என்பதற்கு அந்தத் தாக்குதலைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தணிக்கை செய்யப்பட்ட வரவுசெலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே முன்வைக்கிறார். செயற்குழுக் கூட்டங்கள் விதிப்படி நடைபெற்றன.

வரும் ஆண்டில் ஒலிநாடாக்களில் உள்ள வாய்மொழி வரலாற்று நேர்காணல்களை எடுத்துக்கொள்ள விரும்புகிறோம். நாடா கெடுவதற்கு முன்பே அதை ஓட்டும் கருவிகள் கிடைக்காமல் போய்க்கொண்டிருப்பதால் இதைத் தள்ளிப்போட இயலாது. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் ஒருமுறை முறையாகப் பதிந்துவிட்டால் நாடாவை மீண்டும் மீண்டும் ஓட்டித் தேய்க்க வேண்டியிராது. பேசியவர்களிடமோ அவர்களின் குடும்பத்தாரிடமோ எழுத்து வழி ஒப்புதல் பெறும் படிவம் தயாராக இருக்கிறது.

பொதுக்குழுவின் முடிவுக்காக ஒரு தீர்மானத்தை முன்வைக்கிறேன். நன்கொடையாகக் கருவி வாங்கித் தர முன்வருவோர் உண்டு. விவரம் எழுதும் பணிக்கு ஊதியம் தர முன்வருவோர் அரிது. படமெடுத்து முடிந்தும் விவரம் எழுதப்படாததால் வெளியிட முடியாமல் நிற்கும் கோப்புகள் எல்லா உறுப்பு நூலகங்களிலும் சேர்ந்துவருகின்றன. ஆகவே, ஒவ்வொரு உறுப்பு நூலகமும் தன் பணியாளர் ஒருவரின் வேலை நேரத்தில் ஒரு பகுதியை மீதரவுப் பணிக்கென்றே ஒதுக்கி எழுத்தில் உறுதியளிக்க வேண்டும் என்றும், தேங்கியவை தீரும் வரை கூட்டமைப்பின் நிதியிலிருந்து புதிய ஸ்கேனர்கள் வாங்குவதை நிறுத்தி, அத்தொகையை விவரணையாளர்களின் ஊதியத்துக்கும் பயிற்சிக்கும் செலவிட வேண்டும் என்றும் செயற்குழு பரிந்துரைக்கிறது.

இத்தீர்மானத்தை நிறைவேற்றி, இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்