வால்வை மூடும் முன்: கடலூர் அடுக்குமாடிச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

கடலூரில் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களின் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

செம்மண்டலம் பக்கம் பதினெட்டு வீடுகள் உள்ள ஒரு கட்டடத்தில் நான் பொருளாளர். பெரிய பதவி ஒன்றுமில்லை. மாதம் பிறந்தால் கதவைத் தட்டி மெயின்டனன்ஸ் கேட்பவன், அவ்வளவுதான். நாங்கள் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன். உங்களில் பலர் அதே தப்பை இப்போதும் செய்துகொண்டிருப்பீர்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

2024 டிசம்பர் முதல் வாரம் யாருக்கும் மறந்திருக்காது. ஃபெஞ்சல் புயல் கரையேறிய கையோடு சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டார்கள்; தென்பெண்ணை கரை புரண்டது. எங்கள் கீழ்த்தளப் பார்க்கிங்கில் இடுப்பளவு தண்ணீர். லிஃப்ட் குழி நிரம்பிவிட்டது, சம்ப்பில் சேறு, இரண்டு மோட்டாரும் போயிற்று. தண்ணீர் வடிந்ததும் செலவைப் பதினெட்டாக வகுத்தோம். வீட்டுக்கு 14,000 ரூபாய். பதினேழு வீட்டுக்காரர்கள் முனகிக்கொண்டே கொடுத்தார்கள். முதல் மாடிக்காரர் ஒருவர் மட்டும், "நான் லிஃப்ட்ல ஏறுறதே இல்லையே" என்றார். அவர் இருப்பது பெங்களூரில். வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார். ஏற்கெனவே எட்டு மாத மெயின்டனன்ஸ் பாக்கி வேறு.

கூட்டம் போட்டோம். சூடாகப் பேசினோம். மறுநாள் விடியற்காலையில் வாட்ச்மேன் ஸ்பானரோடு மொட்டை மாடிக்குப் போய் அந்த வீட்டுக்கான வால்வை மூடிவிட்டு வந்தார்.

ஆறரை மணிக்கு அந்த வீட்டுப் பெண் இடுப்பில் குழந்தையும் கையில் பச்சை பிளாஸ்டிக் குடமுமாகக் கீழே வந்து, "அங்கிள், எங்க வீட்ல மட்டும் தண்ணி வரல" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். போனை எடுத்துக் காட்டினாள். வாடகையோடு சேர்த்து மெயின்டனன்ஸையும் மாதாமாதம் வீட்டுக்காரருக்கு ஜிபேயில் அனுப்பியிருக்கிறார்கள். வாங்கியவர் எங்களுக்குத் தரவில்லை. பாக்கி வைத்தவர் பெங்களூரில் சௌகரியமாகக் குளித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் நின்றது பணம் கட்டியவர்களுக்கு. அன்று சாயங்காலமே வால்வைத் திறந்துவிட்டோம், ஆனால் பத்து நாளில் பெங்களூரிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது.

தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம், வீட்டு உரிமையாளரே ஆனாலும் குடியிருப்பவருக்குத் தண்ணீர், மின்சாரம் போன்ற அவசியச் சேவைகளை நிறுத்தக்கூடாது என்கிறது. சொந்தக்காரருக்கே இல்லாத அதிகாரம் நமக்கு எங்கிருந்து வந்தது? பாக்கி வைத்தால் தண்ணீரை நிறுத்தலாம் என்று பைலாவில், அதாவது சங்க விதிகளில், எழுதியிருக்கிறதே என்பீர்கள். எங்கள் பைலாவிலும் எழுதியிருந்தது. அதைப் படித்துப் பார்த்த வக்கீல், "இதை எதிர்க்கட்சி வக்கீல் கண்ணில் காட்டிடாதீங்க சார்" என்றார்.

நோட்டீஸில் அதைவிட வலித்தது வேறு ஒரு வரி: "சங்கம் என்று தங்களைக் கூறிக்கொள்ளும் தாங்கள்". கோபத்தோடு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போனோம். அவர் எழுதியது சரிதான்! 2018இல் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்திருக்கிறோம். 2020க்குப் பிறகு ஒரு காகிதம்கூடத் தாக்கல் ஆகவில்லை. 1975ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி ஆண்டுதோறும் பொதுக்குழு கூட வேண்டும், கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும், நிர்வாகிகள் மாறினால் படிவம் 7 கொடுக்க வேண்டும். நாங்கள் வாட்ஸ்அப்பில் தேர்தல் நடத்தி, வாட்ஸ்அப்பிலேயே வாழ்த்துச் சொல்லி முடித்திருந்தோம். பதிவேட்டின்படி எங்கள் தலைவர் காலமாகிவிட்டார், செயலாளர் சென்னைக்குக் குடிபோய்விட்டார். வங்கிக் கணக்கும் அந்த இருவர் பெயரில்தான். லிஃப்ட் உரிமமோ இன்னும் பில்டர் பெயரில்.

இதனால் வந்த பெரிய நஷ்டம் தண்ணீர் வால்வில் இல்லை. 2021லேயே மொட்டை மாடியில் ஒழுக ஆரம்பித்தது. பில்டர், "ஆள் அனுப்புறேன்" என்று இரண்டு மழைக்காலத்தைத் தள்ளினார். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, சாவி வாங்கிய நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானத்திலோ வேலையின் தரத்திலோ குறை வந்து நாம் சொன்னால், அவர் முப்பது நாளில் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். வீட்டுக்காரர்களின் சங்கமே கொடுக்கலாம் என்று சட்டம் இடம் தருகிறது. ஆனால் எந்தச் சங்கம் கையெழுத்துப் போடுவது? போனிலேயே பேசிக்கொண்டிருந்தோம், ஐந்து வருடம் 2023இல் முடிந்துபோயிற்று. தார்ஷீட் ஒட்டியதற்கு நாங்களே பணம் போட்டோம். பொதுப் பகுதியின் உரிமையைப் பில்டர் சங்கத்தின் பெயருக்கு எழுதித் தர வேண்டும் என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. உங்கள் கட்டடத்தில் யாராவது அந்தப் பத்திரத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்களா? கேட்கத்தான் கேட்கிறேன்.

இன்னொன்று. 1994ஆம் ஆண்டின் அடுக்குமாடி உரிமையாளர் சட்டம் போய், 2022இல் நிறைவேறிய புதிய சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்துவிட்டது. பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்கிறது. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கும் நம் ஊரில் இந்தப் பேச்சு சீக்கிரமே வரும். அன்றைக்கு உரிமையாளர் பட்டியல் யாரிடம் இருக்கிறதோ அவர் சொன்னதுதான் கணக்கு. செத்துக் கிடக்கும் பதிவை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

ஜிஎஸ்டி என்று யாராவது பயமுறுத்தினால் கவலைப்பட வேண்டாம். ஒரு வீட்டுக்கு மாதம் 7,500 ரூபாய்க்குள் வாங்கும் மெயின்டனன்ஸுக்கு வரி இல்லை. எனக்குத் தெரிந்து நம்மூரில் அந்தத் தொகையை யாரும் வாங்குவதில்லை, கேட்டால் அடிப்பார்கள்.

அப்புறம் பெங்களூர்க்காரர். தாமதக் கட்டணம் கட்டி, விட்டுப்போன ஆண்டுகளின் கணக்கை ஆடிட்டரிடம் சரிபார்த்து, படிவம் கொடுத்து, பதிவை உயிர்ப்பிக்க எங்களுக்கு நான்கு மாதம் ஆனது. பிறகு முறையாகப் பொதுக்குழு கூட்டி, தீர்மான நகலையும் செலவுக் கணக்கையும் பதிவுத் தபாலில் அவருக்கு அனுப்பினோம். இரண்டு தவணையில் முழுப் பாக்கியையும் அனுப்பிவிட்டார். போனில், "நான் மூணு வருஷமா கணக்குதான் சார் கேட்டேன்" என்றார். பழைய வாட்ஸ்அப் செய்திகளைத் தேடிப் பார்த்தேன். கேட்டிருக்கிறார், ஐந்து முறை. நாங்கள் கட்டைவிரல் படம் போட்டுவிட்டு நகர்ந்திருக்கிறோம். வாடகைப் பெண்ணிடம் வாங்கிய மெயின்டனன்ஸை அமுக்கியதற்கு அவரிடமும் பதில் இல்லை, அது வேறு விஷயம்.

ஆக, உங்களிடம் நான் கேட்பது இதுதான். பாக்கிக்காரர் வீட்டு வால்வுக்குப் போகும் முன் ஒருமுறை உங்கள் பதிவைப் போய்ப் பாருங்கள். தனித்தனியாக அலைவதைவிட நாலைந்து சங்கங்கள் சேர்ந்து போனால் ஒரே ஆடிட்டர், ஒரே வக்கீல் என்று செலவும் குறையும். விருப்பமுள்ளவர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் பார்க்கிங்குக்கு வாருங்கள். நாற்காலி போட்டு வைக்கிறோம், டீ உண்டு. பதிவுச் சான்றிதழ், பைலா, கடைசியாகத் தாக்கல் செய்த ரசீது மூன்றையும் எடுத்து வாருங்கள். ஜெராக்ஸ் போதும். எங்கள் ஒரிஜினலையே இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
பதினெட்டு வீட்டுக் கணக்கைச் சுமக்கும் ஒரு பொருளாளர்