முருகேசனுக்கு, பிக்கப் பற்றி

கிருஷ்ணகிரி
ஞாயிறு இரவு

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே எழுதாததற்குக் காரணம் உண்டு. பையன் கேட்கிற கரண்ட் காருக்குப் பிக்கப் இருக்குமா என்று நீ கேட்ட கேள்விக்குப் புத்தகத்தில் படித்ததை வைத்துப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன். போன வாரம் வாய்ப்பு வந்தது.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. இப்போது பேப்பரைத் தானே எடுத்துப் படிக்கிறார், எழுத்து பெரிதாகிவிட்டதா என்று கேட்கிறார். சின்னவளுக்கு ஓசூரில் வேலை. மாமரங்கள் இந்தத் தடவை நன்றாகப் பூத்திருக்கின்றன.

சரி, வண்டிக்கு வருகிறேன். "கரண்ட் வண்டிக்கு எங்கிருந்துடா பிக்கப் வரும், பையன் சொன்னால் புரிந்துகொள்ள மாட்டேன் என்கிறான்" என்று எழுதியிருந்தாய். போச்சம்பள்ளியில் ஓலா, ஓசூரில் ஏதர் என்று கரண்ட் ஸ்கூட்டருக்கு நம் மாவட்டத்திலேயே தொழிற்சாலைகள் வந்தபிறகும், ஸ்கூட்டருக்கு அது சரி, காருக்குப் பெட்ரோல்தான் என்று நானும் நினைத்திருந்தேன்.

என் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்களில் ஒருவர் பிஒய்டி சீல் என்கிற கரண்ட் கார் வைத்திருக்கிறார், இரண்டு மோட்டார் உள்ள பெர்ஃபார்மன்ஸ் மாடல். இன்னொருவரிடம் பிஎம்டபிள்யூ எம்340ஐ, அது பெட்ரோல் கார். இரண்டு பேரும் பைபாஸிலேயே பார்த்துவிடலாம் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தொப்பூர் கணவாயிலிருந்து நசுங்கிய வண்டிகளை இழுத்து வந்தவன் நான். ரோட்டில் என்றால் சாவியைக் கூடத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் நேரம் வாங்கினார்கள்.

கம்பெனிக் கணக்கு இது: 0-விலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்துக்கு சீல் 3.8 விநாடி, எம்340ஐ 4.4 விநாடி. வித்தியாசம் ஒரு கண் சிமிட்டலை விடக் கொஞ்சம் கூட. ஆனால் உள்ளே உட்கார்ந்தால் அது ஒரு விநாடிக் கணக்காகவே தோன்றவில்லை. சீலில் கால் வைத்த கணமே முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. சத்தம் இல்லை, ஆயத்தம் இல்லை. வயிறு மட்டும் பின்னாலேயே நின்றுவிட்டது போல இருந்தது. பக்கத்தில் கிளம்பிய பெட்ரோல் வண்டி முதல் ஐம்பது மீட்டரிலேயே ஒன்றரை வண்டி நீளம் பின்னால் போய்விட்டது.

இவ்வளவுக்கும் சீல் ஏறக்குறைய 2,200 கிலோ. பிஎம்டபிள்யூ அதைவிட நானூறு கிலோவுக்கு மேல் இலகு. அந்தக் கனத்தையும் தூக்கிக்கொண்டு எப்படி முந்துகிறது என்று யோசித்துப் பார். மோட்டார் சுழல ஆரம்பிக்கும் முன்பே அதன் முழு டார்க்கும், அதாவது சக்கரத்தைத் திருப்புகிற விசையும், தயாராக இருக்கிறது, 670 நியூட்டன் மீட்டர். பெட்ரோல் இன்ஜினுக்கு 500. அதுவும் இன்ஜின் நிமிடத்துக்கு 1,900 சுற்று (ஆர்பிஎம்) தாண்டி, டர்போ காற்றை அழுத்திக் கொடுத்த பிறகுதான் முழுதாக வரும். நடுவில் கியர் மாற வேண்டும். எட்டு கியர் பாக்ஸ் எவ்வளவு வேகமாக மாற்றினாலும் மாற்றுவது மாற்றுவதுதான். சீலில் கியர் மாற்றமே கிடையாது.

நம் பிசிக்ஸ் வாத்தியாரை நினைத்துக்கொண்டு, ஓடுகிற பொருளின் சக்திக்கு அவர் சொல்லிக் கொடுத்த அரை எம்வி ஸ்கொயர் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஆளோடு சேர்த்து அந்த வண்டியை 100-க்குக் கொண்டுபோக வேண்டிய சக்தி கால் யூனிட் கரண்ட்தான். நம் இஸ்திரிப் பெட்டி கால் மணி நேரத்தில் குடிப்பதை இது நான்கு விநாடிக்குள் சக்கரத்தில் இறக்குகிறது. உண்மையிலேயே அசந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

நீ இதைப் புதுசு என்கிறாய். உலகத்தில் முதன்முதலாக 100 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிய காரே கரண்ட் கார்தான். 1899-இல் பெல்ஜியத்துக்காரர் கமீல் ஜெனாட்ஸி ஓட்டினார். பேட்டரி அன்று தோற்றதால்தான் நம் காலம் முழுக்க பெட்ரோல் ஆண்டது.

ஆனால் பெட்ரோல் தோற்றது என்று நான் எழுத மாட்டேன். ட்ராக்கில் இரண்டாவது, மூன்றாவது சுற்றில் எம்340ஐ எனக்கு மிகவும் பிடித்துப் போனது. 5,000 ஆர்பிஎம்மில் அந்த ஆறு சிலிண்டர் பாடுகிற சத்தம், வளைவில் அந்த லேசான உடம்பு! உனக்கு நினைவிருக்கிறதா, உன் அண்ணனின் ஆர்எக்ஸ் 100-இல் நாம் தர்மபுரியிலிருந்து ஒகேனக்கல் போனது? த்ராட்டிலைத் திருப்பினால் ஒரு நொடி தயங்கி, அப்புறம் சீறும். அந்தத் தயக்கத்துக்குள்ளேயே நாம் தயாராகிவிடுவோம். இந்தச் சுகம் கரண்ட் வண்டியில் இல்லை. மேல்வேகத்திலும் பெட்ரோலுக்குத்தான் கை ஓங்கும்: சீல் 180-இல் நின்றுவிடும், எம்340ஐ 250 வரை போகும். ஆனால் நம் ரோட்டில் அது யாருக்கு வேண்டும்?

நமக்கு வேண்டியது 60-லிருந்து 100. காவேரிப்பட்டணம் தாண்டி ஒரு லாரியின் பின்னால் போகிறாய் என்று வை. முந்த இடம் கிடைத்ததும் மிதிக்கிறாய். பெட்ரோல் ஆட்டோமேட்டிக் நாலைந்து கியர் கீழே இறங்கி, யோசித்து, பிறகு இழுக்கும். கரண்ட் வண்டி மிதித்ததும் போய்விடும். லாரிக்குப் பக்கத்தில் இருக்கும் நேரம் குறைகிறது. எனக்கு 3.8-ஐ விட இதுதான் பெரிய விஷயம். தொப்பூர் இறக்கத்திலும் காலை எடுத்தாலே மோட்டார் வண்டியைப் பிடித்து இழுத்து, பேட்டரிக்குக் கரண்டைத் திருப்பி அனுப்புகிறது. பிரேக்குக்கு வேலை குறைவு. பேட்டரி முழுசாக நிறைந்திருந்தால் மட்டும் அந்தப் பிடி குறைந்துவிடும், அதைப் பையனிடம் மறக்காமல் சொல். சார்ஜ் அடியில் போகும்போது பிக்கப்பும் குறையும். டயரும் சீக்கிரம் தேயும்.

முருகேசா, என் பயம் இதுதான். நாமெல்லாம் வேகத்தைக் காதால் கற்றுக்கொண்டோம். இன்ஜின் கத்தும்போது கால் தானாக இளகும். கரண்ட் வண்டியில் 120 போனாலும் நாற்பதில் போவது போல அமைதி. இருபத்திமூன்று வயதுப் பையனுக்கு அது எச்சரிக்கையே கொடுக்காது. அவன் கேட்கிற வண்டியை வாங்கிக் கொடு, அவன் சொல்வது சரி. ஆனால் முதல் ஆறு மாதம், பிக்கப்பை அடக்கி வைக்கிற ஈகோ மோடிலேயே ஓட்டட்டும். முழு மிதி மிதிக்க ஆசைப்பட்டால் என்னிடம் அனுப்பு, நானே ட்ராக்குக்குக் கூட்டிப் போகிறேன்.

எழுதி முடிப்பதற்குள் மணி பதினொன்றாகிவிட்டது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். மே மாதம் பையனோடு இங்கே வா, சேலம் வரை போய் வரலாம். தொப்பூரில் இறங்கும்போது நான் ஓட்டுகிறேன், ஏறும்போது அவன் ஓட்டட்டும். மாம்பழம் டிக்கி நிறைய ஏற்றி அனுப்புகிறேன்.

என்றும் உன்,
சண்முகம்