குசினிக்குள் வந்து பார்த்த தங்கச்சிக்கு நன்றி

அன்பான தோட்டத்து உறவுகளே,

இலங்கை அரசாங்கம் வறிய குடும்பங்களுக்குக் கொடுக்கிற அஸ்வெசும உதவிப் பணத்தின் பட்டியலில் எங்கள் பெயரும் வந்துவிட்டது. நேற்றுப் பின்னேரம் கேள்விப்பட்டதும் அம்மா அழுதே விட்டார். என்ன பாடுபட்டோம் என்பது உங்களுக்கெல்லாம் தெரியும், அதை மறுபடி எழுதவில்லை. நன்றி சொல்லத்தான் வந்தேன்.

முதல் நன்றி, விபரம் எடுக்க வந்த அந்தத் தங்கச்சிக்கு. வேலையில் ஏதும் சிக்கல் வரக்கூடாது என்று பெயர் போடவில்லை.

பகலில் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, வருகிறவர்கள் பூட்டைத்தான் பார்ப்பார்கள், நாங்கள் மலையில் நிற்போம். இந்தப் பிள்ளை தேயிலைக் கொழுந்தை நிறுத்து முடியும் வரை காத்திருந்து எங்களோடேயே நடந்து வந்தது. தமிழ் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். ஆனாலும் நான் சொன்னதை எனக்கே திரும்ப வாசித்துக் காட்டி, "சரியா அக்கா?" என்று கேட்டுத்தான் பதிந்தது.

படிப்பு, சுகம், வருமானம், சொத்து, வீடு, குடும்பத்து ஆட்கள் என்று 22 சுட்டிகள் வைத்துத்தான் தெரிவு செய்கிறார்கள். நாங்கள் மாட்டிக்கொள்வது சொத்தில். லயத்தில் எங்கள் காம்பராவுக்கு, அதாவது வீட்டு அறைக்கு, ஒரே இலக்கம் என்பதால் அண்ணன் குடும்பமும், அம்மாவும் நானும் பிள்ளைகளும் ஒரே குடும்பமாகிவிடுவோம். அண்ணனின் ஆட்டோ எங்கள் கணக்கிலும் ஏறிவிடும்.

இருட்டிக்கொண்டு வந்தது, மழையும் தூறியது. வாசல் இஸ்தோப்பிலேயே முடித்துவிட்டுப் போயிருக்கலாம். "சமையல் எங்க அக்கா?" என்று கேட்டு, செருப்பைக் கழற்றி வைத்து, குனிந்து குசினிக்குள் வந்தது. ஒரு மூலையில் அண்ணியின் அடுப்பில் சோறு கொதிக்கிறது. இந்தப் பக்கம் எங்கள் அடுப்பில் ரொட்டிக்கல். மா டின்னைத் திறக்கச் சொல்லவில்லை, நானாகத்தான் திறந்தேன். அடியில் ஒரு சுண்டு கோதுமை மா கிடந்தது. புகையில் கண் எரிய நின்று, "ரெண்டு அடுப்பு, ரெண்டு குடும்பம்" என்று சொல்லிக்கொண்டே பதிந்தது. சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிறவர்கள்தான் ஒரு குடும்பம் என்பது கணக்கெடுப்பில் உள்ள வழக்கம்தானே. எங்களுக்கென்று சலுகை எதுவும் செய்யவில்லை. உள்ளே வந்து பார்த்தது, உள்ளதை எழுதியது. அப்புறம் ஒரு வெறுந்தேத்தண்ணியும் குடித்துவிட்டுத்தான் போனது. தங்கச்சி, நீங்கள் நல்லா இருக்க வேணும்.

மேன்முறையீட்டைக் காசு வாங்காமல் அனுப்பித் தந்த கொமியுனிகேஷன் கடைத் தம்பி, கடிதம் எழுதித் தந்த கணக்கப்பிள்ளை ஐயா, கடனுக்கு மா தந்த கடைக்காரர், நான் டவுனுக்குப் போன நாட்களில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பக்கத்துக் காம்பரா அம்மாச்சி, எல்லாருக்கும் நன்றி. வறியோர் பிரிவில் மாதம் 10,000 ரூபாய். முதல் காசில் கடைக் கடனை அடைப்பேன்.

தோட்டப்புறத்தில் நூற்றுக்கு 33.8 பேர் வறுமையில் இருப்பதாக 2019ஆம் ஆண்டு அரசாங்கக் கணக்கே சொல்கிறது. முழு நாட்டுக்கு அது 14.3. அந்த ஆட்கள் யார் யார் என்று எங்கள் லயத்தில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அவர்களில் பலர் இன்னும் பட்டியலில் இல்லை. ஒரு காம்பராவில் இரண்டு அடுப்பு எரிகிற வீடு பணிய லயத்திலும் இருக்கிறது. எனக்குக் கிடைத்ததோடு சும்மா இருக்க மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் நான் வீட்டில்தான் இருப்பேன். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கரண்ட் பில் எல்லாம் எடுத்துக்கொண்டு வாங்க, உட்கார்ந்து படிவத்தை நிரப்புவோம். வர முடியாத வயசாளிகள் இருந்தால் ஆள் விட்டுச் சொல்லுங்கள், நானே வருகிறேன்.