இடித்தேவன் யாருடைய தெய்வம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஸ்காண்டிநேவிய நாடுகளின் பழைய இடித்தேவனாகிய தோரைச் சாகச வீரனாக்கிக் காட்டும் கார்ட்டூன் தொடர்களைப் பிள்ளைகள் பார்க்கக் கூடாது, அந்நிய தெய்வம் ஒன்று அவர்கள் மனத்தில் இடம்பிடித்துவிடும் என்று சுங்கை சிப்புட் வட்டாரப் பெற்றோர் சிலர் பேசிவருகிறார்கள். அவர்களின் அக்கறை உண்மையானது. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, இன்றும் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுபவள் என்ற முறையில், அந்தக் கார்ட்டூன்கள்மீது எனக்குள்ள குறை இதற்கு நேர்மாறானது. அவை அந்தத் தெய்வத்தின் கதையை மிகக் குறைவாகவே தருகின்றன. பாடுபட்டுப் பிழைத்த மக்கள் தங்களுக்குரியவன் என்று நம்பிய ஒருவனை அரண்மனைப் பிள்ளையாக மாற்றி, அதுவே முழுக்கதை என்று நம் தோட்டத்துப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுகின்றன.

மார்வெல் நிறுவனத்தின் படக்கதையில் தோர் முதன்முதலாக வந்தது 1962ஆம் ஆண்டில். நோர்வே சென்ற டொனால்ட் பிளேக் என்னும் கால் ஊனமுற்ற மருத்துவர், குகையில் கிடைத்த கோல் ஒன்றைப் பாறையில் அடித்ததும் இடித்தேவனாக மாறுவதாக அக்கதை தொடங்கியது. 1966இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக ஐந்து வீரர்களை வைத்து எடுத்த தொடரில் தோருக்கு 13 பகுதிகள் கிடைத்தன. படக்கதையின் ஓவியங்களையே எடுத்து வாயையும் கையையும் மட்டும் அசைத்துக் காட்டிய சிக்கனமான வேலைதான் அது. ஆனால் கோலூன்றி நடக்கும் அந்த மருத்துவர் அதில் இருந்தார். பிந்தைய தொடர்கள் பெரும்பாலும் அவரைக் கைவிட்டுவிட்டன. 2010 முதல் 2012 வரை 52 பகுதிகளாக வந்த அவெஞ்சர்ஸ் தொடர் நேர்த்தியானது. அதை நான் பேரப்பிள்ளைகளோடு அமர்ந்து விரும்பியே பார்த்தேன். என்றாலும் அதிலும், அடுத்து 2013இல் தொடங்கிய தொடரிலும், தோரின் கதை என்றால் தந்தையின் ஆணை, தம்பி லோக்கியின் பொறாமை, அரியணைக்கான போட்டி என்றே திரும்பத் திரும்ப வருகிறது. லோக்கி உடன் வளராதிருந்தால் தோர் எப்படி இருந்திருப்பான் என்று கேட்ட 2021ஆம் ஆண்டுக் கதையில்கூட, பொறுப்பின்றிக் களியாட்டம் போடும் இளவரசனைத்தான் பார்க்கிறோம்.

பழைய பாடல்களில் லோக்கி தோரின் தம்பியே அல்லன். தந்தை ஓடினோடு இரத்த உறுதி செய்துகொண்ட தோழன். தோரின் ஆயுதமான சுத்தியலைத் தகுதியுள்ளவர் மட்டுமே தூக்க முடியும் என்பதும் படக்கதைக்காரர்கள் சேர்த்த செய்தி. பழைய பாடல் ஒன்றில் திரிம் என்னும் அரக்கன் அதைச் சாதாரணமாகத் திருடிச் சென்று பூமிக்கடியில் எட்டுக் காத ஆழத்தில் புதைத்துவிடுகிறான். அதை மீட்பதற்காகத் தோர் மணப்பெண் வேடமிட்டு, முகத்திரையோடு அரக்கனின் வீட்டுக்குப் போகவேண்டியதாகிறது. விருந்தில் அந்த மணப்பெண் ஓர் எருதையும் எட்டு சால்மன் மீன்களையும் தின்று முடிப்பதைச் சொல்லும்போது என் வகுப்புப் பிள்ளைகள் அப்படிச் சிரிப்பார்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது வேறொரு பாடலைப் பற்றி. ஐஸ்லாந்தில் 13ஆம் நூற்றாண்டில் எழுதிவைக்கப்பட்ட தொகுப்பில் அது இருக்கிறது. தோர் நடந்து களைத்து ஓர் ஆற்றங்கரையில் வந்து நிற்கிறான், முதுகில் கூடை, காலையில் உண்டது ஹெர்ரிங் மீனும் ஓட்ஸும். அக்கரையில் நிற்கும் ஓடக்காரன் அவனை ஏற்றிச்செல்ல மறுப்பதோடு, வெறுங்காலோடு பரதேசிக் கோலத்தில் நிற்கிறாயே என்று ஏளனமும் செய்கிறான். மாறுவேடத்தில் இருக்கும் அந்த ஓடக்காரன் ஓடினே என்பது அறிஞர்கள் பெரும்பாலும் ஏற்கும் கருத்து. போரில் மடியும் பிரபுக்கள் ஓடினுக்கு உரியவர்கள், அடிமைக் குலமோ தோருக்கு உரியது என்று அவன் எள்ளி நகையாடுகிறான். அவமானப்படுத்துவதற்காகச் சொன்னதுதான், ஆனால் பால்மரம் சீவியும், விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கைகட்டி நின்றும், அடைமழை பெய்த நாளில் வேலையும் கூலியும் இன்றி லயத்தில் முடங்கியும் வாழ்ந்தவர்களின் வழிவந்த நமக்கு அந்த வரி வேறு விதமாகக் கேட்கிறது. மன்னர்களும் புலவர்களும் ஓடினை நாடினார்கள் என்றால், மழையையும் விளைச்சலையும் நம்பியிருந்தவர்கள் தோரை நாடினார்கள். சுவீடனின் உப்சாலாக் கோயிலில் காற்று, மழை, விளைச்சல் ஆகியவற்றின் தலைவனாகத் தோர் நடுவிடத்தில் வீற்றிருந்தான் என்றும், கொள்ளைநோயும் பஞ்சமும் வந்தபோது மக்கள் அவனுக்கே பலியிட்டார்கள் என்றும் பிரேமன் நகரத்து ஆடம் என்னும் பாதிரியார் 11ஆம் நூற்றாண்டில் எழுதியிருக்கிறார்.

தோருக்கும் மாளிகை உண்டு, அவன் ஓடினின் மகன்தான் என்று சிலர் சொல்லக்கூடும். உண்மையே. ஆனால் பட்டம் சூட்டிக்கொள்ளக் காத்திருக்கும் ஒருவனை அந்தக் கதைகளில் நான் காணவில்லை. இரண்டு ஆடுகள் பூட்டிய தேரில் வந்து, ஏழை உழவன் ஒருவன் வீட்டில் இரவு தங்குபவனையே காண்கிறேன். தன் ஆடுகளைத் தானே அறுத்துச் சமைத்து, அந்த வீட்டாரையும் உடன் உட்காரவைத்து உண்கிறான். முனியாண்டி கோயிலில் கிடா வெட்டிப் பந்தி போடும் ஊரில் பிறந்த பிள்ளைக்கு இந்தக் காட்சியை விளக்கவே வேண்டியதில்லை. எலும்புகளை உடைக்காமல் தோலின்மீது போட்டால் காலையில் ஆடுகள் உயிர்பெற்று எழும். உழவனின் மகன் தியால்ஃபி எலும்பு மஜ்ஜைக்கு ஆசைப்பட்டுத் தொடையெலும்பைப் பிளந்துவிட, விடிந்ததும் ஓர் ஆடு நொண்டுகிறது. தோரின் கை சுத்தியலை இறுக்குகிறது. வீடே நடுங்கி, இருப்பதையெல்லாம் தருகிறோம் என்று கதறுகிறது. அந்த அச்சத்தைக் கண்டு அவன் கோபம் தணிகிறது. ஆயினும் உழவனின் மகன், மகள் இருவரையும் தனக்கு ஊழியம் செய்யக் கூட்டிச் செல்கிறான். பிள்ளைகளைக் கூட்டிச் சென்றது நியாயமா என்று என் மாணவர்கள் கேட்பார்கள். நியாயம் இல்லை என்றுதான் நான் சொல்வேன். விருந்தளித்த கையாலேயே அச்சுறுத்தவும் செய்யும் ஒருவனைப் பற்றிப் பத்து வயதுப் பிள்ளைகள் இவ்வளவு கூர்மையாகப் பேசுவதற்கு எந்தக் கார்ட்டூன் பகுதியும் இதுவரை இடம் கொடுத்ததில்லை என்பது என் வருத்தம்.

அதே பயணத்தில் தோர் தோற்கவும் செய்கிறான். ஊத்கார்டு லோக்கி என்னும் அரக்க அரசனின் (முன்சொன்ன லோக்கி வேறு, இவன் வேறு) கூடத்தில் ஒரு கொம்பிலுள்ள பானத்தைக் குடித்து முடிக்க முடியவில்லை. அதன் மறுமுனை கடலில் இருந்தது. ஒரு பூனையைத் தூக்க முடியவில்லை. அது உலகையே சுற்றிக் கிடக்கும் பாம்பு. எல்லி என்ற கிழவியோடு மல்லுக்கு நின்று ஒரு காலை மண்டியிடுகிறான். அவள் முதுமையே உருவெடுத்தவள். இறுதிப் போரில் அந்தப் பாம்பைக் கொன்றபின் அதன் நஞ்சு தாக்கி, ஒன்பது அடி நடந்து விழுந்து இறக்கிறான். தோற்பவனும் சாகிறவனுமாகிய வீரனை நம் பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்று யார் முடிவு செய்தது? மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரை வீரனின் கூத்தை விடிய விடியப் பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். அந்த வீரனையும் செருப்புத் தைக்கும் தம்பதியர் வளர்த்த பிள்ளை என்று மட்டும் விட்டுவிடாமல், கதைப்பாடல் காசி மன்னனுக்கு மகனாக்கியது. நம்மிடமும் அந்தப் பழக்கம் உண்டு.

சமயக் கவலை கொண்ட பெற்றோருக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 1220இல் இக்கதைகளை உரைநடையில் தொகுத்த ஸ்நோரி ஸ்டுர்லுசொன் ஒரு கிறிஸ்தவர். தம் நாடு கிறிஸ்தவம் தழுவி இரு நூற்றாண்டுகள் கடந்தபின், கவிஞர்கள் பழைய மரபை மறந்துவிடக் கூடாது என்பதற்காகவே அவற்றை எழுதிவைத்தார். அவர் சமயம் அதனால் கெடவில்லை. டென்மார்க்கில் கிடைத்த 10ஆம் நூற்றாண்டு வார்ப்பு அச்சு ஒன்றில் சிலுவையும் தோரின் சுத்தியலும் அருகருகே செதுக்கப்பட்டுள்ளன. ஒரே தட்டான் இரு தரப்பாருக்கும் பதக்கம் வார்த்துக் கொடுத்திருக்கிறான்.

தோர் நம் இந்திரனைப் போன்றவன் என்று சமாதானம் சொல்லும் பெற்றோரும் இருக்கிறார்கள். ஒப்புமை இருக்கவே செய்கிறது: இருவருக்கும் தேவதச்சர் போன்றோர் செய்துகொடுத்த இடியாயுதம், இருவருக்கும் பாம்புப் பகைவன். ஆனால் இந்திரன் தேவர்களின் அரசன்; தொல்காப்பியம் மருத நிலத்துத் தெய்வத்தை வேந்தன் என்றே குறிக்கிறது. தோர் அரசன் அல்லன். அவனை நம் தோட்டத்து எல்லையில் காவல் நிற்கும் முனீஸ்வரருக்கு அருகில் வைத்துப் பார்ப்பதே பொருந்தும் என்பது என் கருத்து.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் நோர்ஸ் கதைகள் எனப்படும் இப்பழைய ஸ்காண்டிநேவியக் கதைகளை, நம் காவல் தெய்வங்களின் கதைகளோடு மாறி மாறி, நல்ல தமிழில் வெளியிடுங்கள். 2011இல் தொடங்கிய போபோய்போய் தொடரில் மின்னலைக் கையாளும் மலேசியச் சிறுவனையும் அவன் தோழன் கோபாலையும் நம் நாட்டு அசைவூட்டக் கலைஞர்களே படைத்தார்கள். நம் பிள்ளைகளில் அத்தொழிலுக்குப் போகிறவர்கள் மூலக்கதைகளைப் படித்திருந்தால், இளவரசனாக இல்லாத ஒரு வீரனையும் வரைந்து காட்டுவார்கள். ஓடக்காரன் கதையையும் ஆட்டுக் கதையையும் அரைப் பக்க அளவில் எழுதி அனுப்ப நான் ஆயத்தமாக இருக்கிறேன். எழுத்துக்கூலி வேண்டாம், படங்களை மட்டும் எங்கள் ஊர் மாணவர்களே வரைந்து அனுப்ப அனுமதி தாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்.